எலுமிச்சையைக் கடைசியில்தான் பிழிய வேண்டும்

எங்கள் அக்கா இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், எங்கள் சந்தில் உள்ளவர்களுக்கும், காலை நேரத்தில் அக்காவிடம் பச்சை ஜூஸ் வாங்கிக் குடித்தவர்களுக்கும் என் வணக்கம்.

அக்காவின் மகள் செல்விதான் இதை எழுதியிருக்க வேண்டும். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. "சித்தி, நீங்கதான் பத்தாவது வரைக்கும் தமிழ்ல படிச்சீங்க, நீங்களே எழுதுங்க" என்று சொல்லிவிட்டாள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் ஒத்துக்கொண்டேன். உட்கார்ந்த பிறகுதான், அக்காவைப் பற்றி எங்கே ஆரம்பித்தாலும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போக முடியாது என்று தெரிந்தது. அது எங்கள் வீடு இருக்கும் இடம். அதைச் சொல்ல இப்போதும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அக்கா பிறந்தது நாங்குநேரிக்குப் பக்கத்தில். கைக்குழந்தையாக அம்மா மடியில் ரயிலில் பம்பாய் வந்து தாராவியில் இறங்கியவர், அதற்குப் பிறகு வேறு எங்கும் குடியிருந்ததில்லை. அப்பா தோல் பட்டறையில் வேலை பார்த்தார். அம்மா படுக்கையில் விழுந்ததும் அக்காவின் படிப்பு நின்றது. என் படிப்பு நிற்கவில்லை என்றால் அதற்குக் காரணம் அக்காதான். கல்யாணமாகிச் செல்வி நடக்கத் தொடங்கும் முன்பே அத்தான் தவறிவிட்டார். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அக்காவோடு அதே அறையில்தான் கடைசிவரை இருந்தேன். அதற்காக ஒருநாளும் அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பாலத்தைத் தாண்டினால் மாட்டுங்கா. அங்கே வீடுகளில் சமையல் வேலை பார்த்துத்தான் அக்கா செல்வியைப் படிக்க வைத்தார், திலக் நகரில் நல்ல இடத்தில் கட்டியும் கொடுத்தார். பிறகு முழங்கால் விட்டுப்போயிற்று. மாடிப்படி ஏற முடியவில்லை. சமைத்துக்கொடுத்த ஒரு வீட்டில் சர்க்கரை நோய்க்காரருக்குத் தினமும் இலைச்சாறு அரைத்துக் கொடுத்த பழக்கம் இருந்தது. அதையே வாய்க்கு ருசியாக மாற்றி, குழாய் வைத்த எவர்சில்வர் டிரம்மில் ஊற்றி, மாட்டுங்காவில் வாக்கிங் போகிறவர்கள் வரும் தோட்டத்து வாசலில் கொண்டுபோய் வைத்து விற்க ஆரம்பித்தார்.

முதல் நாளே கோகிலா பென் என்ற குஜராத்தி அம்மா டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, "கிதர் பனாத்தே ஹோ?", எங்கே செய்கிறீர்கள், என்று கேட்டிருக்கிறார்.

"மாட்டுங்கா" என்று அக்கா சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் டிரம்மை இறக்கும் முன்பே என்னிடம் சொன்னார். "ஏட்டி, எவளாவது போன் போட்டு எங்க அரைக்கீங்கன்னு கேட்டா மாட்டுங்கான்னு சொல்லு. ரெண்டு பேரும் ஒண்ணு போல சொல்லணும், கேட்டியா?"

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. வெளியாட்கள் கேட்டால் எங்கள் சந்தில் யாருமே தாராவியில் வசிப்பதில்லை. வேலை கேட்டுப் போகும் பையன்கள் பக்கத்துச் சயானில் இருக்கிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு எல்லோரும் மாஹிமில் இருக்கிறார்கள். செல்வியின் கல்யாணப் பத்திரிகையிலும் சயான் என்றுதான் போட்டிருந்தோம். சாதாரண ஊர்ப்பேச்சுக்கே அப்படி என்றால், வாயில் வைத்துக் குடிக்கும் பொருளுக்குக் கேட்கவா வேண்டும்?

ஆனால் அந்த ஒரு சொல்லைக் காப்பாற்ற அக்கா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முந்தின நாள் மாலையே தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, ஆறவைத்து, மண்பானையில் ஊற்றி மூடிவிடுவார். கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை ஆய்வது என் வேலை. கொத்தமல்லியில் இளந்தண்டு இருக்கலாம், மணமே அதில்தான். புதினாவில் ஒரு காம்புகூட இருக்கக் கூடாது, கசக்கும். இலையை உப்புத் தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் அலசி, திரும்பவும் அலசி, ஈரத்துணியில் சுற்றிக் கூடையில் வைப்போம். விடியும் முன் எழுந்து, தலையில் துணி கட்டிக்கொண்டு, வெள்ளரிக்காய், கொட்டை எடுத்த நெல்லிக்காய், ஒரு துண்டு இஞ்சி, சீரகம், கல் உப்பு எல்லாம் சேர்த்துப் பானைத் தண்ணீர் விட்டு அரைப்போம். மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். நிறுத்தாமல் ஓட்டினால் ஜார் சூடாகி இலை கறுத்துவிடும். மல் துணியில் வடிகட்டுவதை மட்டும் அக்கா என்னிடம் விட்டதே இல்லை. எலுமிச்சையை வீட்டில் பிழியவே மாட்டார். குடிக்கிறவர் எதிரில் வந்து நின்ற பிறகு, அவருடைய டம்ளரில்தான் பிழிவார். முன்கூட்டியே பிழிந்தால் அந்தப் பச்சை போய்விடும், குளத்துப் பாசி மாதிரி ஆகிவிடும்.

ஒருநாள் வடிகட்டிய துணியில் ஒரு முடி கிடந்தது. என்னுடையதாகத்தான் இருக்கும். "அதான் துணியிலயே நின்னுட்டே, டிரம்முல ஒண்ணும் போகலையே" என்றேன்.

"மாட்டுங்கான்னு சொல்லி வச்சிருக்கோம்லா" என்றார் அக்கா. "நாளைக்கு இது தாராவின்னு தெரிஞ்சா, இந்த ஒத்த முடிக்கு நம்ம சந்து பூராவையும்லா பேசுவாவ."

டிரம் முழுவதையும் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, வெறும் கையோடு தோட்டத்துக்குப் போய், இன்று ஜூஸ் இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

போன வருடம் ஒரு மாலை, இலையெல்லாம் அலசிக் கூடையில் வைத்த பிறகு, அக்கா நெஞ்சை அடைக்கிறது என்றார். பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அக்காவைக் கொண்டுவந்து அறையில் கிடத்தி விளக்கேற்றியபோது, அவர் தோட்டத்தில் நிற்கும் நேரம் ஆகியிருந்தது. அவருடைய போன் அடித்தது. மீனாட்சி மாமி என்று வந்தது. அக்கா அடிக்கடி சொல்லும் வாக்கிங் மாமி. எடுத்தேன்.

"என்னம்மா, இன்னிக்கு உங்க அக்காவைக் காணோம்? உடம்பு சரியில்லையா?"

"அக்கா போயிட்டாங்க, மாமி."

"எங்க போயிட்டா? ஊருக்கா?"

சேதி கேட்டு ஓடிவந்திருந்த செல்வி பின்னால் அழுத சத்தம் அவருக்கே கேட்டிருக்க வேண்டும். "அய்யோ பகவானே" என்றார். பிறகு, "நாங்க அஞ்சாறு பேர் இங்கதான் இருக்கோம். இப்பவே வரோம். எந்த பில்டிங், சொல்லு" என்றார்.

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"சொல்லாதீங்க சித்தி" என்றாள் செல்வி. "அம்மா இத்தனை வருஷம் மறைச்சு வச்சாங்க. போற அன்னைக்கா அவங்க மானம் போகணும்?"

அண்ணாச்சி கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார். "நேரா சயான் சுடுகாட்டுக்கு வரச் சொல்லிரு தாயி. அங்க மாட்டுங்காக்காரனும் வருவான், தாராவிக்காரனும் வருவான். எவனும் அட்ரஸ் கேக்க மாட்டான்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அதையே சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா இலைக் கூடைக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். அறை முழுக்கப் புதினா வாசனை. அவரை அங்கே வைத்துக்கொண்டு வேறொரு இடத்தைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"தாராவிங்க" என்றேன்.

"தாராவியா? சொந்தக்காரா வீடா?"

"இல்லை மாமி. எங்க வீடு. மாட்டுங்கால எங்களுக்கு வீடு கிடையாது."

பிறகு வழி கேட்டார். சொன்னேன். வைத்துவிட்டார்.

செல்வி என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணாச்சி சாக்கடை மேல் பலகை போட ஆட்களைக் கூப்பிட்டார். யாரோ பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். நான் கொடியில் கிடந்த துணிகளை உருவிப் பரண்மேல் திணித்தேன். ஒழுகும் பக்கெட்டைக் கதவுக்குப் பின்னால் தள்ளினேன். கூடப்பிறந்தவர் அங்கே கிடக்கிறார், எனக்கு அழுகையைவிட அந்தத் துணிகள்தான் பெரிதாகத் தெரிந்தன. அக்கா காப்பாற்றி வைத்த சொல்லை அவர் உடம்பு வீட்டில் இருக்கும்போதே உடைத்துவிட்டேனே என்று ஒரு வெட்கம். சொந்த வீட்டைப் பார்த்தே இப்படிக் கூசுகிறேனே என்று இன்னொரு வெட்கம்.

நாலு பேர் வீட்டுக்குள் வந்தார்கள். கோகிலா பென் சந்து முனை வரை வந்து, உள்ளே பார்த்து, முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார் என்று அண்ணாச்சி பிறகு சொன்னார். தினமும் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தவர் அவர். அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் கேட்ட முதல் கேள்விக்கே நாங்கள் உண்மையான பதில் சொல்லவில்லை.

மீனாட்சி மாமி அக்கா காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பரணைப் பார்த்தார், மிக்ஸியைப் பார்த்தார், மண்பானையைப் பார்த்தார்.

"இங்கயா அரைப்பேள்?"

"ஆமா மாமி."

"இத்தனை வருஷமாவா?"

"ஆமா."

"அப்புறம் ஏன் மாட்டுங்கான்னு சொன்னா?"

அவரோடு வந்திருந்த வெங்கடேசன் சார், ரிட்டயரான பெரியவர், தொண்டையைக் கனைத்தார்.

"நானும் அப்படித்தானே மாமி சொல்றேன். நான் இருக்கறது வடாலா."

"என்ன சார் சொல்றேள்? மாட்டுங்கா கோவிலுக்குப் பின்னால வீடுன்னு சொன்னேளே?"

"பின்னாலதான். ரொம்பப் பின்னால."

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். செல்வி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். இழவு வீட்டில் இப்படி ஆயிற்றே என்று நான் இன்னும் குறுகிப்போனேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி வீட்டு மதினி தட்டில் டம்ளர்களோடு வந்தார். "கூடையில இலை வாடுதே, அவ கழுவி வச்சதுல்லா, வீணாப் போகக் கூடாதுன்னு எங்க வீட்டுல அரைச்சிட்டேன்" என்றார். மதினி அன்பானவர். ஆனால் மிக்ஸியை நிறுத்தாமல் ஓட்டி, எலுமிச்சையையும் பாத்திரத்திலேயே பிழிந்துவிட்டிருந்தார். டம்ளரில் இருந்தது பச்சையே இல்லை, பழுப்பு. தாராவி ஜூஸ் இப்படித்தான் இருக்கும் என்று இவர்கள் நினைக்கப் போகிறார்களே, அக்கா பெயர் இதோடு போயிற்றே என்று எனக்குப் பயமாக இருந்தது. தட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

மாமி ஒரு டம்ளரை எடுத்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"இது அவ பண்ணினது இல்ல" என்றார்.

"ஆமாங்க, நாந்தான் அரைச்சேன். இலை அவ கழுவி வச்சது" என்றார் மதினி.

"இலை அவளோடதுதான், தெரியறது. கை அவளோடது இல்ல. எலுமிச்சம்பழத்தை முன்னாடியே பிழிஞ்சுட்டேள்."

சொல்லிவிட்டு, மீதி இருந்ததையும் நிதானமாகக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்தார். ஆஸ்பத்திரியிலும் அழாத நான் அப்போதுதான் அழுதேன்.

அக்கா உயிரோடு இருக்கும்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாமா என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. சொல்லியிருந்தால் டிரம் விற்காமல் அப்படியே திரும்பி வந்திருக்கவும் கூடும். அக்கா பொய்க்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அவர் மறைத்தது ஊர்ப்பெயர் ஒன்றைத்தான். டம்ளரில் இருந்த எதையும் அவர் மறைக்கவில்லை.

அன்று ஆட்டோ கொண்டுவந்த தம்பிக்கும், பலகை போட்ட பையன்களுக்கும், கூடப்பிறந்தவர் போல முன்னின்று காரியம் செய்த அண்ணாச்சிக்கும், மதினிக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சோறு அனுப்பிய எங்கள் சந்துக்கும், நடந்து வந்த மாமிக்கும், வெங்கடேசன் சாருக்கும், அவர்களோடு வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மதினி இதைப் படித்து வருத்தப்பட வேண்டாம். உங்கள் டம்ளரால்தான் அக்கா கை எப்படிப்பட்டது என்று மாமி வாயால் கேட்டேன்.

இந்த மலரை அச்சடிக்கக் கொடுத்தபோது அச்சகத்துத் தம்பி, "அக்கா, அட்ரஸ் சயான்னு போட்டுரவா? எல்லாரும் அப்படித்தான் போடுவாவ" என்று கேட்டார். கல்லாவில் நின்றிருந்த வேறு ஆட்கள் போகும்வரை காத்திருந்து, "தாராவின்னே போடுங்க" என்றேன். கடைசிப் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது. கோகிலா பென்னுக்குத் தமிழ் படிக்க வராது என்பதால், அவருடைய பிரதியில் செல்வி ஹிந்தியில் வழி எழுதி, மாமியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். நினைவு நாளுக்கு வருவாரா என்று தெரியாது.

தோட்டத்து வாசலில் போய் நிற்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. வீட்டில் அரைக்க முடியும். வருட நினைவு நாள் காலையில் அக்கா செய்த மாதிரியே அரைத்து, நானே வடிகட்டி வைத்திருப்பேன். எலுமிச்சையை மட்டும் நறுக்காமல் வைத்திருப்பேன். நீங்கள் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் பிழிவேன்.

இப்படிக்கு,
தங்கை