அவுட்பாக்ஸில் கிடந்த ராஜபாய்

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வேலப்பன் நடத்திய இன்டர்நெட் சென்டரில் வேலைக்குச் சேர்ந்து செண்பகவல்லிக்கு அது நாலாவது வருஷம். நாகர்கோவிலிலிருந்து கரமனைக்குக் கல்யாணம் கட்டிக்கொண்டு வந்தவள். சட்டென்று கோபம் வரும். ஆனால் 2004 ஆவணியில் வந்த கோபம் வேறு ரகம்.

வெப்சைட்டில் நீலமாக இருக்கும் ஈமெயில் விலாசத்தைக் கிளிக் செய்தால், பிரவுசர் தனியாக ஒரு மெயில் புரோகிராமைத் திறக்கும். எழுதி 'சென்ட்' அமுக்கியதும் ஜன்னல் மூடிக்கொள்ளும். போய்விட்டது என்று ஆட்கள் காசு கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்கே போனது? அந்தப் புரோகிராமுக்கு ஒரு அக்கவுண்ட்கூட யாரும் போட்டு வைக்கவில்லையே! அன்று தற்செயலாக உள்ளே பார்த்தால், அவுட்பாக்ஸில் நாற்பத்தேழு கடிதங்கள் குவிந்து கிடக்கின்றன. அதில் மூன்று ராஜபாயுடையவை.

ராஜபாய் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ். மஸ்கட் வேலைக்கு ஒரு வருஷமாக விண்ணப்பித்து வந்தவள். மூன்று தடவையும் பக்கத்தில் உட்கார்ந்து, "அயச்சாச்சு அக்கா, மெயில் போயாச்சு, தைரியமா போங்க" என்றது சாட்சாத் செண்பகவல்லிதான். போன மாசம் ராஜபாய், "நமக்கு அதுக்கான யோக்கியதை இல்ல போல மக்ளே" என்று சொல்லிவிட்டு வருவதையே நிறுத்திவிட்டாள்.

செண்பகவல்லிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அவுட்பாக்ஸ்னா அவுட் ஆச்சுன்னுதானே அர்த்தம்? வெறுதே பிரச்னை உண்டாக்காத, கேட்டோ" என்று மலையாளம் கலந்து சொன்னார் வேலப்பன், பேப்பரை மடிக்காமலே.

"அவுட்டா? அண்ணாச்சி, வெளிய போகக் காத்துக் கெடக்குன்னு அர்த்தம்! இத்தன பேரு வாயில மண்ணப் போட்டிருக்கோம்!"

"செட்டிங்ஸ்ல கை வைக்காத!"

வைத்தாள். பிரவுசரில் மெயில் இணைப்பைத் திறக்க அந்தப் புரோகிராம் என்று இருந்ததை வெப்மெயில் என்று எட்டு கம்ப்யூட்டரிலும் மாற்றினாள். வேலப்பன் பின்னாலேயே நின்று கத்தினார். கத்தட்டும் என்று விட்டுவிட்டாள். மஸ்கட் வேலைக்கான வெப்சைட்டில், விண்ணப்பிக்க இந்த வருஷக் கடைசித் தேதி சனிக்கிழமை என்றிருந்தது. இன்னும் இரண்டு நாள். ராஜபாயின் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, என்னைய என்ன வேணும்னாலும் ஏசுங்க. நீங்க எழுதினது ஒண்ணுகூட போவல்ல. மூணும் இங்கயேதான் கெடக்கு. இப்பவே கெளம்பி வாங்க."

கண்டபடி திட்டப்போகிறாள் என்று செண்பகவல்லி ரிசீவரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ..." என்றாள் ராஜபாய். "அவங்க என்னைய வேண்டாம்னு சொல்லவே இல்லியா, மக்ளே?"