பட்டை மில்லுக்கு வந்த கவலைத் தும்பி

தோல் பதனிடும் மண்டியில் ஆவாரம்பட்டை அரைத்தவர்களை ஊரில் தேட வேண்டியதில்லை. இருமல் சத்தமே வீட்டைக் காட்டிவிடும். நான் ஆம்பூரில் ஒரு மண்டியில் பட்டை மில் ஓட்டினேன். என்னைப் போல அந்தத் தூசியைத் தின்றவர்களுக்கு மற்றதை விளக்க வேண்டாம்.

வெல்லம்

காலையில் மில் ஓடுவதற்கு முன் மேஸ்திரி சின்னப்பன் ஆளுக்கொரு துண்டு வெல்லம் கொடுப்பார். அதைச் சப்பிக்கொண்டே இருந்தால் தூசி நெஞ்சுக்குப் போகாமல் வயிற்றுக்குப் போய்விடும் என்பது அவர் வைத்தியம்.

மில்லின் வாயில் சாக்கைப் பிடிப்பது என் மனைவி கன்னியம்மாளின் வேலை. அரைத்த பட்டை விழும்போது கிளம்பும் தூசியில் அவள் முகமே தெரியாது. ஆறு மாதத்தில் படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். வெல்லம் பலிக்கவில்லையே என்று மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அது கடிச்சி முழுங்குதுப்பா. சப்பச் சொல்லு."

ஜன்னல்

பட்டையின் துவர்ப்பில்தான் தோல் பதமாகிறது. அந்தத் துவர்ப்பெல்லாம் நைசான தூசியில் இருக்கிறது, காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும் என்று ஜன்னல்களுக்குச் சாக்கு வைத்து அடித்திருந்தார்கள். தண்ணீர் தெளித்தால் துவர்ப்பு கரைந்துவிடுமாம், அதுவும் கூடாது.

ஒருநாள் ஒரு ஜன்னல் சாக்கைப் பிய்த்துவிட்டேன். முதலாளி சாயபு வாசற்படியிலேயே நின்றார். வெள்ளை உடுப்போடு அவர் உள்ளே வந்ததே இல்லை. கோபப்படாமல்தான் சொன்னார்: "உனக்குக் காத்து வரும், எனக்குப் பட்டை பூடும். மூடுப்பா."

பதில் ஆள்

கன்னியம்மாளுக்கு இருமல் ஜாஸ்தியானதும், அடுத்த வாரத்திலிருந்து அவளுக்குப் பதிலாக வேறு பெண்ணை அனுப்பும்படி என்னிடம் சொன்னார் மேஸ்திரி. எனக்கு நிம்மதி. அவளிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவள் என்னை முறைத்தாள்: "வர்றவளுக்கு இன்னா, கல்லுல செஞ்ச நெஞ்சா?"

உத்தரம்

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வெள்ளிக்கிழமை மில் ஓடாது. ஏணி போட்டு உத்தரம், சட்டம், ஓட்டிடுக்கு எல்லாவற்றையும் பெருக்கினேன். பட்டைத் தூசி மூன்று சாக்கு நிறைந்தது. சாயபு முன்னால் கொண்டுபோய் வைத்து, "ஜன்னல் மூடித்தான் இருந்திச்சி சாயபு. இது எப்டி மேல போச்சி பாருங்க" என்றேன்.

ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. "இத்தினி நாளா நான் கூரைக்கா பதம் போட்டுனு இருந்தேன்?"

தும்பி

ஆலங்காயத்துப் பக்கம் மச்சானுக்கு மாடு கட்டி இறைக்கும் கவலைக் கிணறு. மாடு இழுக்கும் பெரிய வாளியான சாலின் அடியில் தும்பி என்று நீளமான தோல் குழாய் இருக்கும்; மேலே வந்து வாய்க்காலில் கொட்டும்வரை அது தண்ணீரைச் சிந்தவிடாது. தண்ணீரைப் பிடித்து வைப்பது தூசியைப் பிடிக்காதா என்று தோன்றியது. சாயபு கழித்துப்போட்ட இரண்டு தோலை வாங்கி, ஓட்டைகளுக்கு ஒட்டுப்போட்டு அப்படியே ஒன்று தைத்தேன். ஒரு முனையை மில்லின் வாயிலும் மறு முனையைச் சாக்கின் வாயிலும் இறுகக் கட்டினேன்.

மேஸ்திரி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "எல்லாம் சரி. மாடு எங்கப்பா?"

தொப்பி

மில் ஓடியது. தும்பி யானைத் துதிக்கை போல உப்பி ஆடியது. சாக்கின் இழையில் லேசாகக் கசிந்ததோடு சரி. கன்னியம்மாள் முகம் எனக்கு மில்லின் இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது.

மூன்றாம் நாள் சாயபு முதல் தடவையாக உள்ளே வந்து மில்லை ஒட்டி நின்றார். நான்கு சாக்கு நிறையும்வரை நகரவில்லை. பிறகு தொப்பியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வெள்ளையாகவே இருந்தது. தன் கையாலேயே ஜன்னல் சாக்கைப் பிய்த்தார். "பட்டைதான் உள்ளயே கீதே. காத்தை எதுக்கு வெளிய நிறுத்தி வெக்கணும்?"

தூக்கம்

பதில் ஆள் வரவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் கன்னியம்மாள் பாயில் கால் நீட்டிப் படுத்துத் தூங்கினாள். குறட்டை என்றால் அப்படியொரு குறட்டை. விடிந்ததும் சொல்லிக் காட்டினேன். "இருமுனாலும் குத்தம், தூங்குனாலும் குத்தமா?" என்றாள்.

அதற்கப்புறம் நெடுங்காலம் வாழ்ந்து, இருமாமலே போய்ச் சேர்ந்தாள்; தூசியிடமிருந்து மீட்ட நெஞ்சை ஆண்பிள்ளைகள் நாங்கள் மட்டும் பீடிக்குக் கொடுத்துவிட்டோம் என்பதைத் தவிர, இதில் எங்களுக்குத் தோல்வி என்று எதுவும் இல்லை.