திருத்தக்காரர்

அந்தப் பெயரை அவள் முதன்முதலில் கேட்டது, அண்ணன் பஸ் டிப்போவிலிருந்து வந்து, எண்ணெய்க் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே அம்மாவிடம் சம்பந்தப் பேச்சை எடுத்த அன்று.

"நல்ல பையன்மா. எங்க டிப்போவுல ஃபிட்டர். சங்கத்துல எல்லாரும் திருத்தக்காரன்னு கூப்பிடுவாங்க."

"திருத்தக்காரனா? அப்போ முதல்ல தப்புத்தண்டாவுல இருந்தவனா?" என்றாள் அம்மா.

அண்ணன் சிரித்துவிட்டான். டிப்போ மேனேஜர் செத்தபோது சங்கத்தில் இரங்கல் தீர்மானம் வாசித்தார்களாம். 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று வந்ததும் இவன் எழுந்து, "ஒரு திருத்தம். ஈடு செஞ்சாச்சு. புது மேனேஜர் நேத்தே வந்து அதே நாற்காலியில உக்காந்துட்டார்" என்றானாம். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அடுத்த வாரமே ஆள் வீட்டுக்கு வந்தார். நெட்டையான உருவம், பாக்கெட்டில் பேனா. அண்ணன் ஒரேயடியாக அளந்தான். "என் தங்கச்சி வாயே திறக்க மாட்டா."

"ஒரு திருத்தம்" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

பக்கத்தில் நின்ற அக்கா அவளை நறுக்கென்று கிள்ளினாள். வந்தவருக்குத் தேநீர் புரையேறியது. இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்குச் சம்மதம்" என்றார். இருமல் நின்றதும் கேட்ட முதல் வார்த்தையே அதுதான்.

கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் ஒரு வேலைநிறுத்தம் வந்து அவர் வேலையைத் தின்றுவிட்டுப் போனது. மாடிப்படிக்குக் கீழே சைக்கிள் கடை போட்டார். பஞ்சர் ஒட்டும் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கட்சிதான். நகரமன்றத் தேர்தல் வரும்போதெல்லாம் நிற்பார், தோற்பார். தோற்பதற்கு எதிராளி பாடுபட வேண்டியதில்லை. மேடையில் கட்சித் தலைவர், "நாங்க வந்தா வீட்டுக்கு வீடு தண்ணி" என்று முழங்குவார். வேட்பாளரே எழுந்து மைக்கைப் பிடித்து, "ஒரு திருத்தம் தோழர். மேட்டுத் தெருவுக்கு வராது. இருக்கிற பம்புக்கு அவ்வளவு தெம்பு இல்ல" என்பார். மேட்டுத் தெரு ஓட்டு மொத்தமும் அங்கேயே போய்விடும்.

அவள் அக்கா வாழ்க்கைப்பட்டிருந்தது அதே மேட்டுத் தெருவில். அம்மா போய், அண்ணனும் வேலை மாறித் தூரமாகப் போனபின், அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அக்காதான்.

ஒரு தேர்தலின்போது கட்சிச் செயலாளர் சைக்கிள் கடைக்கு வந்து, அவர் இல்லாத சமயம் பார்த்து அவளிடம் சொன்னார்: "இந்தத் தடவையும் கவுந்தா அடுத்து வேற ஆள்தான் தோழர். அவரு வாயை நீங்கதான் கட்டணும்."

கடைசிப் பொதுக்கூட்டத்தில் அவளும் அக்காவும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். தலைவர் தண்ணீர் விஷயத்துக்கு வந்தார். வீட்டுக்கு வீடு, மேட்டுத் தெருவுக்கும் சேர்த்து. மேடையில் வேட்பாளர் மெல்ல எழுந்தார். அவளுக்குச் செயலாளர் சொன்னது ஞாபகம் வந்தது. சட்டென்று எழுந்து நின்று, பிறந்ததிலிருந்து போடாத கோஷத்தைப் போட்டாள்.

"தோழர் வாழ்க!"

கூட்டம் பிடித்துக்கொண்டது. அக்காவும் கை உயர்த்திக் கத்தினாள். அவர் உட்கார்ந்தார். கோஷம் அடங்கியதும் மறுபடி எழுந்தார். அவள் மறுபடி கத்தினாள். அவர் எழ எழ வாழ்க, உட்கார்ந்தால் அமைதி. தலைவரே மிரண்டுபோய், "இந்தத் தோழருக்கு இவ்வளவு செல்வாக்கா!" என்றார்.

அவர் ஜெயித்தார்.

ஜெயித்ததற்குப் போட்ட மாலை வாடுவதற்குள் மேட்டுத் தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் அக்கா.

"தம்பி, தண்ணி எங்க?"

"அக்கா தோழர், அது வராதுன்னு சொல்லத்தான் அன்னைக்கு எழுந்தேன். உங்க தங்கச்சி விடல."

அக்கா மெதுவாகத் திரும்பினாள். "அடிப்பாவி! பக்கத்துல உக்காந்து என் காதுலயே கத்தினியேடி!"

"நீயும்தானேக்கா கத்தினே."

"நீ கத்தினேன்னு கத்தினேன்! குழாயில தண்ணி வர்ற வரைக்கும் உன் வாசல்ல கால் வைக்க மாட்டேன், பாத்துக்க."

சொன்னபடியே செய்தாள். தெருவில் எதிரே வந்தால்கூட முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு போனாள். இவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் மன்றத்தில் பம்புக்குத் தீர்மானம் கொண்டுவருவார், எதிர்வரிசை தோற்கடிக்கும். திரும்பி வந்தால், "என் அக்காவைக் குடுங்க" என்று இவள் நிற்பாள். மன்றத்தைச் சமாளிப்பது இதைவிடச் சுலபம் என்று அவருக்குத் தோன்றும்.

அப்போதுதான் மன்றத் தலைவருக்கு ஊரை அழகு செய்யும் ஆசை வந்தது. அதுவும் எங்கே? தண்ணீரே ஏறாத மேட்டுத் தெரு முனையில். கூட்டத்துக்கு முந்தின நாள் அவர் சைக்கிள் டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். கை ஈரம் என்பதால் நிகழ்ச்சி நிரலை அவளை வாசிக்கச் சொன்னார். அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

"மேட்டுத் தெரு முனையில் புதிய... நீ... ரே... ற்று... நீரேற்று நிலையம்."

"நீரூற்று நிலையமா இருக்கும். அலங்காரத்துக்கு வைக்கிறாங்க. சரியாப் படி."

"எல்லாம் ஒண்ணுதான். ரூவோ ரேயோ, கண்ணு தெரியல."

அவர் டியூபை அப்படியே வாளியில் விட்டுவிட்டு எழுந்தார். "இன்னொரு தடவை சொல்லு. தப்பாவே சொல்லு!"

மறுநாள் மன்றத் தலைவர் தீர்மானங்களை அவசரமாகத் தள்ளிக்கொண்டு போனார். இவர் எழுந்தார். சபையே தலையில் கைவைத்தது.

"தலைவரே, ஒரு திருத்தம்."

"இப்போ என்னய்யா?"

"ஒரே எழுத்துதான். 'ரூ'வுக்குப் பதில் 'ரே' போடணும்."

"உமக்கு எழுத்துப் பிழை பாக்கறதே பொழப்பாப் போச்சு. போட்டுக்கோங்க. எல்லாரும் சம்மதம்தானே? அடுத்தது!"

வழக்கமாகத் தோற்கிற மனிதர் ஒருமனதாக ஜெயித்துவிட்டு, சத்தம் போடாமல் உட்கார்ந்தார்.

சில மாதம் கழித்து அழகைப் பார்க்க வந்த தலைவர், முனையில் இரும்புக் குழாயும் பம்பு அறையும் நிற்பதைக் கண்டு குதித்தார். என்ஜினியர் தீர்மானத்தை எடுத்து நீட்டினார். படிக்காமல் நிறைவேற்றினேன் என்று எந்தத் தலைவர் சொல்வார்? மாலையைப் போட்டுக்கொண்டு, தானே ஸ்விட்சைத் தட்டித் திறந்து வைத்தார்.

அன்று சாயங்காலமே அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"என்னடி தண்ணி இது? எங்க வீட்டுக் குழாயில விரல் தடிமன்தான் வருது."

"வாக்கா, உள்ளே வந்து திட்டு."

அக்கா உள்ளே வந்தாள். உட்கார்ந்து, விளக்கு வைக்கும்வரை திட்டினாள். இவளுக்குக் காது குளிர்ந்தது.

மேட்டுக்குத் தண்ணீர் ஏறியதில் பள்ளத்துத் தெருக்காரர்களுக்குக் கொஞ்சம் குறைந்தது. அடுத்த தேர்தலில் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அவர் தோற்றார், அதன்பின் நிற்கவில்லை. இப்போது அவர் கட்சி அலுவலகத்தின் கீழ் அறையில் உட்கார்ந்து, கட்சிப் பத்திரிகைக்குப் பிழை திருத்திக்கொண்டிருக்கிறார்.