காலியிடத்து ஊதல்

எழுத்து எனக்குக் கோணல். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் முந்தின வரி மறந்துபோகிறது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் எங்கள் போர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி மக்கர் செய்தது. வந்த மெக்கானிக் மூடியைத் திறந்து, தன் போனை அதன் பக்கத்தில் வைத்தார். "புது புரோகிராம் ஏறுதுங்கம்மா, தொட்டுராதீங்க" என்றார். உள்ளிருந்த ஐசி சில்லைக் கழற்றவே இல்லை. பெட்டிக்குள்ளிருந்து சூடான பிசின் வாடை வந்தது. அவ்வளவுதான், முன்பு வேலை பார்த்த எடப்பாடி ஷெட்டுக்கு மனசால் போய்விட்டேன். மெக்கானிக் டீ கேட்டது கூடக் காதில் விழவில்லை.

தோட்டத்துக்காரர் வீட்டிலிருந்தே போன் போட்டால் மோட்டார் ஓடும் பெட்டிகள் அப்போது புதுசு. அவற்றைத்தான் அந்த ஷெட்டில் செய்தோம். எனக்கும் சரசுவுக்கும் ஐசியில் புரோகிராம் ஏற்றும் வேலை. கறுப்பாய், இரண்டு பக்கமும் காலோடு இருப்பதால் அதைப் பூரான் என்போம். பூரானைக் கம்ப்யூட்டரோடு இணைத்த கருவியின் குழியில் வைத்து, நெம்புகோலை அழுத்தி, ஒரு பொத்தானைத் தட்ட வேண்டும். ஒரு கை போதும். சரசுவுக்கு இருந்ததும் ஒரு கைதான். இடது கையின் விரல்களைத் தறி வாங்கிக்கொண்டது. அந்த நாற்காலி போனால் அவளுக்கு வேறு நாற்காலி கிடையாது.

ஆத்தூர்ப் பக்கத்து இன்சினியர் ஒருநாள் சொன்னார், எனக்குப் புரிந்தது இவ்வளவு: ஐசிக்குள் வரிசையாக அறைகள், ஒவ்வொன்றுக்கும் கதவு எண். முதல் அறைகளில் காவல்கார புரோகிராம். கரண்ட் வந்ததும் அதுதான் முதலில் விழிக்கும். தள்ளி, ஒரு குறிப்பிட்ட கதவில் பெரிய புரோகிராமின் குடித்தனம். நடுவில் காலி அறைகள். அவற்றை நிரப்பாவிட்டால் பெரியது முன்னால் நகர்ந்து, தப்பான கதவில் குடியேறிவிடும். நிரப்பப் போடுவது எஃப் எஃப் என்ற இங்கிலீஷ் எழுத்துகள். திரை முழுக்க அதுவே வரிசை வரிசையாக ஓடும்.

"ஏனக்கா, ஈர வெறகுக்கு ஊதற மாதிரியே எஃப்பு எஃப்புனு ஊதுதே" என்றாள் சரசு. அன்றிலிருந்து எங்கள் ஷெட்டில் அதற்குப் பெயர் ஊதல். இன்சினியரே "ஊதல் எவ்வளவு வருது?" என்று கேட்கத் தொடங்கினார்.

பிறகு ஒரு பெரிய ஆர்டர். காவல்காரனை மட்டும் ஏற்றி அனுப்ப வேண்டும், பெரிய புரோகிராமைத் தோட்டத்தில் ஏற்றிக்கொள்வார்கள். இன்சினியர் ஊருக்குப் போயிருந்தார். போனில் சரசுவிடம், "மிச்சத்தைக் காலியா ரொப்பிடு" என்று வைத்துவிட்டார். எதைப் போட்டு நிரப்ப என்று திரை கேட்டது. காலி என்றால் பூஜ்ஜியம்தானே? சரசு பூஜ்ஜியம் போட்டாள்.

ஐசிகளைப் பலகையில் பற்றவைத்து, ஈரம் ஏறாமலிருக்கப் பிசின் ஊற்றி மூடிய பிறகுதான் தெரிந்தது. ஒரு பெட்டியும் எழவில்லை. பெரிய புரோகிராமின் கதவில் எஃப் எஃப் இருந்தால் வீட்டில் ஆள் இல்லை என்று காவல்காரன் வாசலிலேயே காத்திருப்பானாம். பூஜ்ஜியம் இருந்ததால் ஆள் இருப்பதாக நினைத்து உள்ளே போனான். திரும்பி வரவில்லை.

முதலாளி கெட்ட வார்த்தை பேச மாட்டார். எல்லாரையும் களத்தில் கூட்டி, சரசுவை நடுவில் நிறுத்தினார்.

"ஏனுங்க அம்மிணி, பூஜ்ஜியமா போட்டீங்க?"

"காலின்னு சொன்னாருங்க..."

"அப்ப உங்க தலைக்குள்ளயும் பூஜ்ஜியந்தானுங்களா?"

ஒவ்வொரு 'ங்க'வும் ஊசி மாதிரி இறங்கியது. ஊரிலிருந்து திரும்பியிருந்த இன்சினியர் சுவரில் சாய்ந்துகொண்டு, "காலின்னுதான் சொன்னேன், ஜீரோன்னு சொல்லல. எண்ணுறதுக்கு வெரல் வேணும்ல, பாவம், பூஜ்ஜியத்தோட நின்னுட்டா" என்றார். ஷெட்டே சிரித்தது. டீ கொண்டு வந்தவர் கூடச் சிரித்தார்.

டீக்கடையில் சர்க்கரை கம்மி என்று சொல்லவே கூசுகிறவள் நான். அன்றைக்கு எப்படியோ வாய் வந்தது: "காலின்னா பூஜ்ஜியந்தானுங்களே?"

"பாருங்க, ஒண்ணுக்கு ரெண்டு பூஜ்ஜியம்" என்றார் முதலாளி. அதற்கும் சிரித்தார்கள்.

சரசுவை அவர் வேலையை விட்டு நிறுத்தவில்லை. பிசினைக் கொத்தி ஐசிகளை வெளியே எடுக்கச் சொன்னார். பெட்டியை ஒரு கை பிடிக்க வேண்டும், உளியை ஒரு கை பிடிக்க வேண்டும், சுத்தியலை யார் பிடிப்பது? அவள் பெட்டியை முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டு, விரலில்லாத கையோடு உளியைத் துணியால் கட்டிக்கொண்டு கொத்தினாள். உளி நழுவித் தொடையில் இறங்கியது. மறுநாளும் வந்தாள், கட்டுப் போட்டுக்கொண்டு.

"மறுபடி தறிக்கு மட்டும் அனுப்பிராதீங்க சாமி."

"நான் எங்கீங்க அனுப்பறேன்? முடிஞ்சா செய்யுங்க, முடியலைன்னா நீங்களே போங்க."

அவளே போனாள். அவள் நாற்காலியில் ஐசிப் பெட்டிகளை அடுக்கினார்கள். அதற்குப் பிறகும் யாராவது தப்புச் செய்தால் "ஒரு சரசு போட்டுட்டான்" என்பார்கள். அவள் தறிக்கே திரும்பிப் போனதாகச் சொன்னார்கள். மேச்சேரிப் பக்கம் ஒரு பட்டறையில் இறந்துபோனாள் என்று பின்னால் தெரிந்தது. எப்படி என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இப்போது ஷெட் இருந்த இடத்தில் போர் போடும் ரிக் வண்டிகளை நிறுத்துகிறார்கள். காலி அறைகளைக் கம்ப்யூட்டர் தானாகவே நிரப்பிக்கொள்கிறதாம், யாரையும் கேட்பதில்லை. ஊதல் என்றால் இன்றைக்கு யாருக்கும் தெரியாது.

ஒன்று கேள்விப்பட்டேன். சில வகை ஐசியில் எல்லாவற்றையும் அழித்தால் மிஞ்சுவது எஃப் எஃப் இல்லையாம், பூஜ்ஜியந்தானாம். நான் தப்பாகவும் கேட்டிருக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்: காலிக்குப் பூஜ்ஜியம் என்றே பெயருள்ள ஐசி எங்காவது இருக்கிறதா?