ஆறாம் வகுப்புக் காதும் இருபதாயிரம் ரிங்கிட் பெட்டியும்

பாட்டுச் சாமான் விற்கிறவன் காதை நம்பி நிற்கிறான். வாங்க வருகிறவர் விலைச்சீட்டை நம்பிக் கேட்கிறார். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வலித்தவர்களுக்கு இது புரியும்.

பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஆடியோ கடையில் எனக்கு வேலை; படித்தது ஆறாம் வகுப்பு வரைதான். அங்கே 'டேக்' என்று ஒரு பெட்டி விற்கிறோம். கைப்பேசியிலோ கணினியிலோ உள்ள பாட்டை ஆம்ப்ளிஃபையருக்கு ஏற்றபடி மாற்றித் தரும். முந்நூறு ரிங்கிட்டுக்கும் உண்டு, இருபதாயிரத்துக்கும் உண்டு.

எனக்குக் கேட்கவில்லை

கிள்ளானிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்தார். வீட்டில் முந்நூறு ரிங்கிட் பெட்டி இருக்கிறது, பெரியது வாங்கினால் வித்தியாசம் தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்தால் வாங்குங்கள் என்றேன். முதலாளி உள்ளேயிருந்து எழுந்து வந்தார். அவர் சொன்னதைக் கேட்டு டாக்டர்கூடச் சிரித்துவிட்டார். வருடங்கள் போயும் எனக்கு அதில் ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை: "அவர விடுங்க டாக்டர். ஆறாம் வகுப்புக் காதுக்கு இதெல்லாம் கேக்காது லா."

முதலாளியின் கை

முதலாளி இரண்டு பெட்டிகளையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுவார். பெரியதற்கு மாறும்போது வால்யூமைக் கொஞ்சமே கொஞ்சம் கூட்டுவார். சத்தம் ஒரு துளி கூடினால் யாருக்கும் நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். டெங்கிலில் லோரி ஓட்டும் ஒருவர் வந்தபோது, இரண்டையும் ஒரே அளவில் வைத்துக் கேளுங்கள் என்று வாயை விட்டேன். கண்ணை மூடி மூன்று முறை கேட்டார். சின்னதை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் என்னைக் கவுண்டரிலிருந்து எடுத்து டெலிவரி வேனில் போட்டார்கள். லோரிக்காரர் போகிற போக்கில் முதலாளியிடம் கேட்டதுதான் காரணம்: "பாஸ், பெரிய பெட்டி வரும்போது மட்டும் உங்க கை ஏன் அங்க போவுது?"

மேருவில் இரைச்சல்

சின்னதே போதும் என்று எல்லோருக்கும் சொல்லமாட்டேன். மேருவில் பாட்டு வகுப்பு நடத்தும் ஓர் அம்மா வீட்டில், கணினியில் செருகியதும் சின்னப் பெட்டி ஈ பறப்பதுபோல் இரைந்தது. வயரை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன், நிற்கவில்லை. கணினியிலிருந்து எடுக்காமல் தனியாகக் கரண்ட் எடுக்கும் நடுத்தர விலைப் பெட்டியை வைத்தேன், நின்றது. என் காதுக் கதை அவர் வரைக்கும் போயிருக்கிறது: "அங்கிளுக்கே கேட்டுச்சுன்னா அது நெசமாவே இரைச்சல்தான்."

டாக்டர் வீட்டு வயர்

டாக்டர் கடைசியில் பெரியதையே வாங்கினார். கொண்டுபோய் மாட்டியது நான். பழையதும் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றார். ஒரே வாரத்தில், இப்போதுதான் பாட்டையே கேட்கிறேன் என்று முதலாளிக்கு மெசேஜ் அனுப்பினார். முதலாளி அதை வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினார்.

ஆறு மாதம் கழித்து, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும், அலமாரியை நகர்த்த வாருங்கள் என்று டாக்டர் கூப்பிட்டார். பின்னால் பார்த்தேன். பாட்டு இரண்டு பெட்டிகளுக்கும் போகிறது. ஆனால் ஆம்ப்ளிஃபையருக்கு வரும் வயர் பழைய பெட்டியிலேயே இருக்கிறது. புதியதில் விளக்கு மட்டும் அழகாக எரிகிறது. ஆறு மாதமாக டாக்டர் கேட்டது பழைய பெட்டியைத்தான். மாற்ற மறந்தவன் நான். சொன்னால் வேன் வேலையும் போகும். டாக்டரிடம் சொன்னேன்.

டாக்டர் சோபாவில் உட்கார்ந்தார். வயரை மாற்றச் சொல்லி ஒரு பாட்டு கேட்டார். திரும்ப மாற்றச் சொல்லி அதே பாட்டைக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பழையபடியே விட்டுடுங்கண்ணே. முதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, என் காத எந்த வகுப்புல போடுவாரோ."

நானும் சொல்லவில்லை, முதலாளி அந்த மெசேஜை இன்றைக்கும் கவுண்டரில் படிக்கும்போது, வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருக்கும் என் ஆறாம் வகுப்புக் காதுக்கு ஓர் எழுத்து விடாமல் கேட்கிறது.