பேரை வெட்டின மாத்திரை

காசம்மாளுக்கு எதைப் பார்த்தாலும் குமட்டும். இன்னொருத்தர் வாய் வைத்த டம்ளரைக் கொடுத்தால் நாக்கு வறண்டு விழுந்தாலும் தொடமாட்டாள். கரிக்கலாம்பாக்கத்தில் யார் வயலுக்கு நடவுக்குப் போனாலும், கூடையில் அவளுடைய எவர்சில்வர் டம்ளர் தனியாகத் துணி சுற்றி உட்கார்ந்திருக்கும்.

"மகாராணி டம்ளர் வந்துடுச்சா?" என்பாள் கூட நடுகிற விஜயராணி.

"வந்துடுச்சி. உன் வெத்தல வாய மட்டும் இந்தாண்ட கொண்டாராத."

அப்பேர்ப்பட்டவள் ஒன்றை மட்டும் மோந்துகூடப் பார்க்காமல் விழுங்கிக்கொண்டிருந்தாள். செட்டு மாத்திரை. பதினோரு மணி டீ வரும்போது நிலக்காரர் கண்ணையன் ஆளுக்கொரு பொட்டலம் நீட்டுவார். பழைய பேப்பரில் மடித்த மூன்று மாத்திரை: மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று, ரோஸ் ஒன்று. பஸ் ஸ்டாப்பு மருந்துக்கடைக்காரன் அட்டையைக் கத்திரியால் நறுக்கி, பிரித்து, பேர் போட்ட பக்கத்தைக் குப்பையில் தள்ளிவிட்டுக் கொடுப்பது. விழுங்கினால் சாயங்காலம் வரைக்கும் இடுப்பு இருப்பதே தெரியாது. நடவும் நிற்காது. டாக்டர் சீட்டு எங்கே என்று யாரும் கேட்டதில்லை. காசம்மாளும்தான் கேட்கவில்லை.

அவளைக் கட்டினவன் மூன்றாம் வருஷமே போய்விட்டான். பிள்ளை கிடையாது. தம்பி கலைவேந்தனைத்தான் வளர்த்து ஆளாக்கினாள். அவன் பெண்டாட்டி ஜெயசித்ரா, கல்யாணமாகி ஏழாம் வருஷம், இப்போது ஆறு மாதம் முழுகாமல் இருந்தாள். சேதராப்பட்டு கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றபடி அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலை. சாயங்காலம் வேன் இறங்கி வரும்போது கால் இரண்டும் வீங்கியிருக்கும்.

பார்க்கப் பொறுக்கவில்லை காசம்மாளுக்கு. தன் பங்குப் பொட்டலத்தை விழுங்காமல் முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். நடவில்லாத நாளுக்குக் கடையிலேயே வாங்கினாள்.

"போட்டுக்கோடி. எனக்கே கேக்குது, உனக்குக் கேக்காதா?"

"ஒண்ணும் ஆவாதே அண்ணி?"

"ஆவற பொருளையா நான் உனக்குக் குடுப்பேன்?"

மூன்று வாரம் கொடுத்தாள். மாத்திரை இல்லாமல் தன் இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. தெறிக்கட்டும் என்று இருந்தாள்.

அடுத்த ஸ்கேனுக்கு மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, குழந்தையைச் சுற்றி இருக்கிற தண்ணீர் குறைந்துவிட்டது என்றார்கள். நர்ஸ் ரோஸ்லின் சீட்டைப் பார்த்தபடி கேட்டாள், "இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை தவிர வேற எதுனா சாப்புட்டியா?"

ஜெயசித்ரா நாத்தனாரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "இல்ல சிஸ்டர்."

தன்னைக் காட்டிக்கொடுக்காமல் அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டதுதான் காசம்மாளைச் செருப்பால் அடித்தமாதிரி இருந்தது.

"சாப்புட்டா. நான்தான் குடுத்தேன்."

"நீயாக்கா?" என்றான் கலைவேந்தன்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து, கடைசிப் பொட்டலத்தை ரோஸ்லின் கையில் வைத்தாள். வியர்வையில் மஞ்சள் கரைந்து வெள்ளையில் ஒட்டிக் கிடந்தது.

"பேரே இல்லாத மாத்திரைய வெச்சிக்கினு டாக்டரம்மா இன்னாத்த கண்டுபுடிப்பாங்க? இது இன்னா மாத்திரைன்னு தெரியணும்மா. இன்னிக்கே தெரியணும்" என்றாள் ரோஸ்லின்.

காசம்மாள் நேராக மருந்துக்கடையில் போய் நின்றாள். கடைக்காரன் யாருக்கோ செட்டு கட்டிக்கொண்டிருந்தான். ஒட்டியிருந்த பேப்பரைப் பிரிக்க விரலை நாக்கில் வைத்து நனைத்தான். அதே விரலால் மாத்திரையைப் பொறுக்கிப் போட்டான். மறுபடி நாக்கு, மறுபடி மாத்திரை. நகத்திடுக்கில் கறுப்பாக அழுக்கு.

டம்ளரை மூன்று தரம் கழுவுகிறவள், இத்தனை வருஷமாக இவன் எச்சிலையா தின்றேன் என்று நினைத்தாள். மாசமாக இருக்கிறவளுக்கும் அல்லவா அதைக் கொடுத்தாள்! தன் கையைப் பார்க்கவே கூசியது.

"இந்த மூணுத்துக்கும் பேர் சொல்லுபா."

"வலி மாத்திரைக்கா. பேர் தெரிஞ்சிக்கினு இன்னா, பரீட்ச எழுதப் போறியா?"

"எழுதறவங்க ஆஸ்பத்திரில கீறாங்க. முழு அட்டையா எடு."

"அட்டையெல்லாம் தர்றதில்ல. நவுரு, ஆள் நிக்குது."

"நிக்கட்டும். அவங்களும் கேக்கட்டும். ஆறு மாசக்காரி உன் செட்டத் தின்னு வயித்துல தண்ணி கொறஞ்சி போச்சி. அட்ட வராம இங்கருந்து நகர மாட்டேன்."

நின்றவர்களில் ஒருத்தி தன் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். கடைக்காரன் மூன்று அட்டையையும் மேசையில் விட்டெறிந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். வெள்ளை காய்ச்சலுக்கு, ரோஸ் வயிற்றெரிச்சலுக்கு. மஞ்சளில் விரல் நின்றது.

"அஞ்சு மாசத்துக்கு மேல இந்த வலி மாத்திரையத் தொடர்ந்து சாப்பிட்டா குழந்தையோட கிட்னியத் தொடும். தண்ணி குறையும். இதோட நிறுத்திடுங்க, திரும்ப ஏற வாய்ப்பிருக்கு. இனிமே எதுவா இருந்தாலும் எங்களக் கேட்டுட்டுப் போடுங்க. நாங்க குடுக்கிறத நீங்களா நிறுத்தவும் கூடாது."

அடுத்த நடவில் கண்ணையன் பொட்டலத்தை நீட்டினார்.

"இது இன்னா மாத்திரைன்னு பேர் சொல்லிட்டுக் குடுங்க."

"வேணான்னா உடு. மத்தவளுங்கள ஏன் கெடுக்கற?"

விஜயராணி மட்டும் தன்னுடையதைத் திருப்பிக் கொடுத்தாள். மற்றவர்கள் காசம்மாளைப் பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் விழுங்குகிற சத்தத்துக்கே அவளுக்குக் குமட்டியது. வரப்பில் போய்த் துப்பிவிட்டு வந்து நாற்றுமுடியை எடுத்தாள்.

பத்தாம் நாள் மறு ஸ்கேன். ஜெயசித்ரா உள்ளே போனதிலிருந்து காசம்மாள் உட்காரவே இல்லை. ரோஸ்லின்தான் முதலில் வெளியே வந்தாள்.

"ஏறிக்கினு வருதும்மா. இன்னும் கொஞ்சம் ஏறணும். அடுத்த வாரம் கூட்டிக்கினு வா."

ஜெயசித்ரா வயிற்றைத் துடைத்தபடி வந்து பெஞ்சில் சாய்ந்தாள். "தாகமா கீது அண்ணி."

காசம்மாள் கூடையிலிருந்து டம்ளரை எடுத்துத் தண்ணீர் ஊற்றி நீட்டினாள். ஜெயசித்ரா தயங்கி, அண்ணாந்து, டம்ளரைத் தூக்கிக் குடிக்கப் போனாள்.

"பொறை ஏறிக்கப் போவுது. வாய் வெச்சே குடி."

பாதி குடித்துவிட்டுக் கொடுத்தாள். மீதியைக் காசம்மாள் அப்படியே குடித்தாள்.