டெஸ்டுக்கு வந்த எலுமிச்சம்பழம்

இன்று காலை கிள்ளானில் கார் டெஸ்ட்...

நான் ஃபெயில்! (முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு படிக்க வேண்டாம்.)

என் வீட்டுக்காரர் போய் ஒரு வருஷம் ஆகிறது. அவர் கார் மட்டும் போர்ச்சில் நிற்கிறது. எனக்கு ஓட்டத் தெரியாது. இத்தனை வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "பிரேக் போடுங்க, பிரேக் போடுங்க" என்று கத்தியதுதான் என் அனுபவம்.

"இந்தத் தடவ பாஸ் பண்ணலன்னா காரை வித்துருவோம்கா, சும்மா நின்னே கெட்டுப்போயிரும்" என்று தம்பி சொல்லிவிட்டான்.

விடுவேனா?

கோயிலில் பூஜை செய்த எலுமிச்சம்பழம் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். டயருக்கு அடியில் வைத்து நசுக்க வேண்டும். ஆனால் அத்தனை பேர் பார்க்கிறார்களே! வெட்கப்பட்டு டேஷ்போர்டில் வைத்துவிட்டேன். (என்ன ஒரு மூளை எனக்கு!)

டெஸ்டுக்கான மேட்டில் காரை ஏற்றினேன். பழம் உருண்டது. கீழே விழுந்து, நேராகப் பிரேக்குக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது!

மிதிக்கிறேன், மிதிக்கிறேன், பிரேக் இறங்கவே இல்லை. கார் பின்னால் போகிறது. "ஐயோ முருகா!" என்று கத்திக்கொண்டே ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன்.

ஓரத்தில் நின்று மார்க் போட்டுக்கொண்டிருந்த ஆபீசர் ஓடி வந்தார். குனிந்து பழத்தை எடுத்தார்.

"அபா இனி, மக்சிக்?" என்ன இது ஆன்ட்டி என்று மலாயில் கேட்கிறார்.

"லீமாவ், என்சிக்..." (எலுமிச்சம்பழம், சார்! வேறு என்னவென்று சொல்வது?)

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள், என்ன ஆனதோ, ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டேன்.

அவர் காரியத்தன்றுகூட நான் இப்படி அழவில்லை. "ரொம்ப ஸ்ட்ராங்லா இவங்க" என்று எல்லாரும் பாராட்டினார்கள். நானும் அதை நம்பி, ஒரு வருஷமாக ஸ்ட்ராங்காகவே நடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு பழம் வந்து அழவைத்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அழுது முடித்ததும் நெஞ்சு லேசாக இருந்தது.

ஆபீசர் பாவம், பயந்துபோய் ஒரு பாக்கெட் டிஷ்யூவை அப்படியே கொடுத்துவிட்டார். "மறுபடியும் வாங்க மக்சிக், பழம் மட்டும் வேணாம்" என்று மலாயில் சொன்னார்.

வெளியே தம்பி காத்திருந்தான். "ஃபெயிலாக்கா? அப்ப காரை..."

"காரைத் தொட்ட, உன்னை வித்துருவேன்! ரிபீட்டுக்குப் பேர் குடுத்துட்டேன்லா!"

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இந்தக் கூத்தைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிற மனுஷன் ஒருத்தர்தான். அவர் இல்லை.

அதனால்தான் இங்கே போட்டிருக்கிறேன். அவருக்கும் சேர்த்துக் கொஞ்சம் சத்தமாகச் சிரித்துவிட்டுப் போங்கள்!